கோபக்காரன் கூட்டி வைத்த சம்பந்தம்

அந்த விண்மீன் மண்டலத்துக்கு அட்டவணையில் வாயில் நுழையாத ஓர் எண்தான் பெயர். ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் எல்லாரும் அதைக் கோபக்காரன் என்றே அழைத்தார்கள். மாதக்கணக்கில் சாதுவாகக் கிடக்கும், திடீரென்று சீறும். அதன் நடுவிலுள்ள கருந்துளை, தன்னிடம் வந்து விழுவதில் ஒரு பங்கைத் தாரையாகப் பீய்ச்சியடிக்கும். அந்தத் தாரை கிட்டத்தட்ட நம் முகத்தைப் பார்த்தே வருவதால், அங்கே ஒரு தும்மல் என்றாலும் இங்கே பெரிதாகத் தெரியும்.

தட்டு என்று எல்லாரும் சொல்லும் பெரிய இரும்புக் கிண்ணத்தைக் கோபக்காரன் பக்கம் திருப்பி, வரும் அலையின் பலத்தை அளப்பது நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த அவள் வேலை. சூடான இயந்திர வாசனை, ஒரு கால் ஆடும் நாற்காலி, காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டே போகும் பேனா. இருபத்துமூன்று வயதில் அந்த அறைக்குள் நுழைந்தவளுக்கு, முதல் நாளே அது சொந்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

தூரத்து மலையில் இன்னொருவர் கண்ணாடித் தொலைநோக்கியில் அதே கோபக்காரனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரே சமயத்தில் பலவித அலைகளில் பார்த்தால்தான் தாரைக்குள் நடப்பது பிடிபடும் என்று, திட்டத்தை நடத்திய பேராசிரியை இருவரையும் தினமும் பேசிக்கொள்ளச் சொல்லியிருந்தார். சாயங்காலமானால் போன் அடிக்கும்.

“தட்டு மேடம், இங்க மேகம். இன்னைக்கு நான் வெட்டி.”

“எங்களுக்கு மேகமாவது மழையாவது! நீங்க போர்த்திக்கிட்டுத் தூங்குங்க, மலை சார்.”

“காத்தடிக்கட்டும், அப்ப இருக்கு உங்களுக்கு. தட்டை மல்லாக்கப் போட்டுட்டு நீங்களும் வெட்டிதானே!”

இப்படியே மூன்று வருஷம். முகம் தெரியாது. குரலை வைத்து நெட்டையான, மீசைக்கார ஆளாக அவரை அவள் மனதில் வரைந்து வைத்திருந்தாள்.

ஒருநாள் கோபக்காரன் நிஜமாகவே சீறினான். வானில் சுற்றும் செயற்கைக்கோள் முதலில் காமா கதிரில் கண்டது. மறுநாளே மலைத் தொலைநோக்கியில் அதன் வெளிச்சம் பல மடங்கானது. போனில் அவருக்கு மூச்சு வாங்கியது. “உங்க பக்கம் ஏறுச்சா?”

பேனா நேர்கோடுதான் இழுத்தது. “இல்லீங்களே.”

பேராசிரியை சொன்ன விளக்கம் இருவருக்கும் தெரிந்ததுதான். தாரையில் கிளம்பிய சூடான வாயு உருண்டை கருந்துளைக்குப் பக்கத்தில் இருக்கும்வரை அடர்த்தியாக இருக்கும். ரேடியோ அலை அதற்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். வெகுதூரம் போய், விரிந்து, மெலிந்த பிறகுதான் வெளியே வரும். ரேடியோக்காரர்களுக்குச் செய்தி எப்போதும் தாமதம்தான். ஆனாலும் தினமும் அவர் கேட்டார், தினமும் அவள் இல்லை என்றாள். மற்றவர்களெல்லாம் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள்.

பிறகு ஒருநாள் மலையிலிருந்து போன் வரவில்லை. அவளே அழைத்தாள். வேறு குரல் எடுத்தது. “அவரா? ஒப்பந்தம் முடிஞ்சு போச்சுங்க. ஊருக்குக் கிளம்பிட்டாரு. நம்பரெல்லாம் தெரியாது.”

சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாரே என்று அவளுக்குக் கோபம். கொஞ்ச நாளில் பேனா மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. பேராசிரியை ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். எல்லாரும் டீ வாங்கிக் கொண்டாடினார்கள். அவளுக்கு அந்த டீ இறங்கவில்லை.

இரண்டு மாதம் போனது. ஒரு மத்தியானம் போன் அடித்தது. பின்னால் தெருச் சத்தம்.

“தட்டு மேடம்... ஏறுச்சா?”

“ஏறி இறங்கவே ஆரம்பிச்சாச்சு! எங்க போய்த் தொலைஞ்சீங்க?”

“அப்பாவுக்கு உடம்பு முடியலைங்க. மூக்குக்கண்ணாடிக் கடைய நான்தான் பாத்துக்கிறேன். தினமும் போனைத் தூக்குவேன், வச்சிடுவேன். வேலையில்லாதவன் எதுக்குப் பேசணும்னு...”

“பேச ஒரு காரணம் வேணுமா உங்களுக்கு?”

அடுத்த வாரம் பஸ் ஏறி வந்தார். மீசையும் இல்லை, நெட்டையும் இல்லை. அவள் தோளுக்குச் சற்று மேலே இருந்தார். அவள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். “நானும் உங்களைக் குட்டையாதான் நினைச்சிருந்தேன்,” என்றார் அவர். கல்யாணத்தில் பேராசிரியை, “சம்பந்தம் பேசினது கோபக்காரன்தான், சீர் அவன்தான் செய்யணும்,” என்று சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார்.

இப்போது அவள் ஓய்வுபெற்றாயிற்று. கிண்ணத்தைக் கணினியே திருப்புகிறது. எந்த நேரத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று மலைக்கும் நிலையத்துக்கும் அதுவே சொல்லிவிடுகிறது. யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. வேலை முன்பைவிடச் சுத்தமாக நடக்கிறது என்று அவளே ஒப்புக்கொள்வாள்.

போன மாதம் கடைக்கு விடுமுறை விட்டு இருவரும் நிலையத்துக்குப் போனார்கள். வாசலில் புதுக் காவலாளி. “யாரைம்மா பாக்கணும்?”

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“யாரையும் இல்லப்பா. சும்மா இந்தப் பக்கம் வந்தோம்,” என்றார் அவர்.

அப்போது உள்ளே மோட்டார் முனகியது. வேலிக்கு அப்பால் கிண்ணம் மெதுவாகத் திரும்பியது. இருவரும் வேலியோரம் போய் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். காவலாளி இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டான்.