சுப்பையா சொல்லாத பெயர்

சுப்பையா இறந்துவிட்டான். இன்று காலை அவன் அண்ணன் பேரன் மெசேஜ் அனுப்பியிருந்தான். புளியங்குடியில், தூக்கத்திலேயே...

இதை இரண்டு முறை எழுதி அழித்தேன். எழுதலாமா என்று இன்னும் தெரியவில்லை. என் பிள்ளைகளும் படிப்பார்கள். எனக்கும் தொண்ணூறு தாண்டிவிட்டது.

யுத்த காலத்தில் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருவரும் வாத்தியார்கள். அவன் கணக்கு, நான் இங்கிலீஷ். ஒரே ரூமில் குடியிருந்தோம். ஒருவரையொருவர் நேசித்தோம். அதைச் சொல்ல அப்போது எங்களிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

அவன் வீடு சுரண்டைப் பக்கம், நிலபுலம் உள்ள குடும்பம். பார்த்த பெண்ணையெல்லாம் வேண்டாம் என்றான். அண்ணன் பிரம்பை எடுத்ததும், "எம் மனசுல இருக்கது ஒரு ஆம்பளை" என்று சொல்லிவிட்டான். யார் என்று மட்டும் சொல்லவில்லை.

உள்ளே ஒரு பெண் பேய் இருக்கிறது, அதுதான் ஆணைத் தேடுகிறது என்று வீட்டில் முடிவு செய்தார்கள்.

சீசன் நேரம். சித்தம் கலங்கியவர்களைக் குற்றாலத்துக்குக் கொண்டுவந்து அருவியில் நிறுத்துவது அப்போது வழக்கம். தலையில் தண்ணீர் அறைய அறையத் தெளியும் என்பார்கள். பேய் என்றால் உடுக்கையோடு கோடாங்கியும் வருவார். பேய் தன் பெயரையும், யாரைத் தேடி வந்தது என்பதையும் சொல்லும்வரை விடமாட்டார்கள்.

கேள்விப்பட்டு நானும் போனேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கூட்டத்தின் பின்னால் நின்றேன்.

அண்ணன் பார்த்துவிட்டார். கூட வேலை பார்ப்பவன் என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

"வாத்தியாரய்யா, இங்கன வாங்க. இந்தக் கையப் பிடிங்க, திமிறுதான். அந்தப் பய யாருன்னு மட்டும் தெரியட்டும், வகுந்துருதேன்."

பிடித்தேன். எல்லார் முன்னாலும் அவன் கையை நான் பிடித்தது அந்த ஒரு முறைதான்.

தண்ணீருக்குள் தள்ளுவார்கள். இழுத்துப் பாறையில் உட்காரவைத்துக் கேட்பார்கள். மறுபடி தள்ளுவார்கள். உதடு நீலமாகிவிட்டது, கண் செருகியது. இன்னொரு முறை தள்ளினால் இருக்கமாட்டான் என்று தோன்றியது. அதற்குள் என் பெயரைச் சொல்லிவிடுவான் என்றும் தோன்றியது.

"ஏட்டி, நீ யாரு?" என்றார் கோடாங்கி.

"பொன்னுத்தாயி..."

அது அவன் குரல் இல்லை.

"யாரத் தேடி வந்தே?"

"எம் புருசன. செத்துப் போனாரு... என்கிட்டச் சொல்லாம எரிச்சிட்டாவ."

செத்தவனை யார் போய் வெட்ட முடியும்? அண்ணன் அடங்கிவிட்டார். சுப்பையாவின் உச்சிமுடியைக் கொத்தாக அறுத்து, அங்கேயே ஒரு புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள்.

பேய் பிடித்தவனைப் பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்க்கவில்லை. யாரும் பெண் கொடுக்கவுமில்லை. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடைக்கு வேலைக்குப் போனான்.

அடுத்த சீசனில் வாசுதேவநல்லூர்ப் பெண் ஒருத்தி, அதே அருவியில் தலைவிரித்து, "நான் பொன்னுத்தாயி" என்றாள். "சொல்லாம எரிச்சிட்டாவ" என்றும் சொன்னாளாம். பிறகு இன்னொருத்தி... புளியமரத்தில் வளையல்கள் தொங்க ஆரம்பித்தன.

ஒருநாள் அவனும் நானும் அந்த மரத்தின் முன்னால் போய் நின்றோம்.

"ஏலே, மூச்சு முட்டயில நான் உண்டாக்குனவ இவ. இப்பப் பாரு, என்னையவிட இவளுக்குத்தான் ஆளு ஜாஸ்தி" என்று சிரித்தான்.

மழை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. மரத்தடி மட்டும் சொதசொதவென்று ஈரமாக இருந்தது. அவனிடம் நான் அதைச் சொல்லவில்லை. என் கண்ணை நானே நம்பவில்லை.

போன மாதம் போனில் பேசினோம்.

"அவ வருதாலே" என்றான்.

"யாரு?"

"பொன்னுத்தாயி. மத்தியானம் வந்து எதுத்தாப்புல உக்காருதா. தலை சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. செத்துட்டாருன்னு சொன்னியே, அவரு சாகலியாமேன்னு கேக்கா. பேரச் சொல்லு, பேரச் சொல்லுன்னு ஒரே நச்சரிப்பு."

"நீ என்ன சொன்ன?"

"சொல்லுவனாலே?"

போய் வா, சுப்பையா. அங்கேயும் அவள் வந்து கேட்டால் என் பெயரைச் சொல்லிவிடு. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது... இருந்தாலும் சொல்லிவிடு.