தங்கை வீட்டு மேசை இழுப்பறை

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தது ஐந்து பேர்: நான், என் வீட்டுக்காரர், அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் தங்கை, அவள் கணவர், அவர்களுடைய ஆறு வயது மகள். தங்கைக்கு அது நாலாம் மாதம். எங்களுக்கு அம்மா இல்லாததால் பிரசவத்துக்கு நான்தான் போகவேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். விமானத்தை நினைத்தாலே பயம். இருந்தாலும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தேன்.

கோயிலில் யாரோ நேர்ச்சைக்குக் கதினா வெடி போட்டார்கள், படார் என்று பெரிய சத்தம். பழகிப்போன எங்களுக்கு அது காதிலேயே விழாது. பிள்ளை சோற்றை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் தாழ் போட்டாள். பிறகு மேசைக்கடியில் புகுந்து என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“பெரியம்மா, பேசாதீங்க. லைட் ஆஃப் பண்ணுங்க.”

துப்பாக்கியோடு யாராவது வந்தால் ஒளிந்துகொள்ள அங்கே பள்ளிக்கூடத்தில் பழக்குகிறார்களாம். மாறுவேடப் போட்டியைப் பற்றிச் சொல்வதுபோலத் தங்கை சொன்னாள். நான் சோற்றை ஒதுக்கி வைத்தேன். என்னைத் தேற்றுவதாக நினைத்து அவள் கணவர், தானும் ஒரு துப்பாக்கி வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். கட்டில் பக்கத்து மேசை இழுப்பறையில் இருக்கிறதாம். அங்கே அது உரிமையாம். யாரும் கேட்க முடியாதாம்.

“ஒங்க வீட்டுலயும் இருக்கேக்கா,” என்றார்.

இருந்தது உண்மைதான். மலையடிவாரத்து வயலில் பன்றியை விரட்ட என் வீட்டுக்காரர் லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி. ஆனால் அது பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். சாவி என் இடுப்பில். ராத்திரி ரெண்டு தடவை தொட்டுப் பார்த்தால்தான் எனக்கு உறக்கம். தேர்தல் அறிவித்ததும் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டு கொடுத்துவிடவேண்டும். அப்போது தேர்தல் நேரம், அது ஸ்டேஷனில்தான் இருந்தது.

“அந்தப் பன்னிகளுக்கும் தெரிஞ்சுபோச்சு மாப்ள,” என்றார் என் வீட்டுக்காரர். “எலெக்சன் வந்தா வயலு அதுகளுக்குத்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள். மேசைக்கடியில் இருந்தவள் சிரிக்கவில்லை. என் புடவையையும் விடவில்லை. இந்தக் கைக்கு எட்டுகிற இழுப்பறை அது என்று நினைத்தேன்.

“தம்பி, அது அங்க இருக்கது வரைக்கும் நான் வரமாட்டேன்,” என்றேன் தங்கை கணவரிடம்.

தங்கை அழுதாள். அடம்பிடிக்காதே என்று என் வீட்டுக்காரரும் சொல்லிப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள்தானே, சாயங்காலத்துக்குள் இறங்கி வந்துவிடுவேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் இறங்கவில்லை. கடைசியில் தம்பி, வாங்கியது நம் பணத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய், திருப்பிக் கொடுத்தால் கடைக்காரன் பாதிதான் தருவான் என்றார்.

“மீதிப் பாதிய நான் தாறேன். கொண்டு குடுத்திருங்க.”

விளையாட்டென்று நினைத்தார். சீட்டுப் பணம் பத்தாயிரத்தை எடுத்து அவர் சட்டைப்பையில் வைத்தேன். ஊருக்குப் போன மறுவாரம், விற்ற ரசீதைப் போனில் அனுப்பினார். அதன்பிறகுதான் டிக்கெட் போடச் சொன்னேன். பிள்ளை பிறந்து, குளிப்பாட்டி, திரும்பியும் வந்துவிட்டேன். மீதிப் பணம் வேண்டாம் என்கிறார் தம்பி, நான் விடுவதாக இல்லை. அவருக்கு இன்னும் தரவேண்டியது பதினைந்தாயிரம் ரூபாய்.