ஏரிக்கரைத் திருப்பத்துக்கு முன் நான் சொன்னது

பின்சக்கரங்கள் பிடி விட்டதை என் இடுப்புதான் முதலில் அறிந்தது. முகம் செங்கல்பட்டை நோக்கியே இருக்க, இருக்கையை மட்டும் யாரோ இடப்பக்கமாக உருவியதுபோல் இருந்தது. ஈரத்தில் டயர் கிறீச்சிடாது என்று அதுவரை எனக்குத் தெரியாது. சத்தமே இல்லை. கண்ணாடியில் ஏரி, புளியமரம், எதிரே வந்த பேருந்தின் ஆடும் வைப்பர், மறுபடியும் ஏரி. "கெட்டியா புடிச்சிக்கோ" என்றார் மேடம். ஸ்டீயரிங்கின்மேல் அவர் கைகள் வேகமாக ஒன்றையொன்று தாண்டின. அதற்கு ஒரு நிமிடம் முன்பு நான் என்ன சொன்னேன் என்பதைத்தான் ஐந்து வருடங்களாக யாருக்கும் சொல்லாமல் இருந்தேன்.

மேடம் அலுவலகத்தில் எங்கள் பிரிவின் தலைவர். நான் அவருக்குக் கீழே கோப்பு பார்க்கும் எழுத்தர். அணுபுரம் அலுவலகக் குடியிருப்பில் அவர் வீடு எங்களுக்கு அடுத்த தெரு. செய்யூர்ப் பக்கத்தில் பிறர் வயலில் நாற்று நட்ட அம்மாவுக்குப் பிறந்தவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு, சென்னையில் யாரோ விற்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். இரண்டே இருக்கை, தரையை உரசும் வயிறு. பத்தடிக்கு ஒரு வேகத்தடை உள்ள எங்கள் தெருக்களில் அதைக் குறுக்காக, சக்கரம் சக்கரமாக ஏற்றி இறக்குவார். பால்கனிகள் வேடிக்கை பார்த்தன. "இவங்களுக்கு இன்னாத்துக்கு இந்த வண்டி?" என்று கேட்டன. அந்த 'இவங்க'வுக்குள் யாரையெல்லாம் வைத்துச் சொல்கிறார்கள் என்பது எனக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் அங்கே நின்று காபி குடித்தவள்தான் நான்.

அன்று என் மகளுக்குச் செங்கல்பட்டு தாண்டிப் பொத்தேரியில் கல்லூரி நுழைவுத் தேர்வு. எங்கள் வீட்டில் அசல் சான்றிதழ் எதுவும் பீரோவை விட்டு வெளியே போகாது. தொலைந்தால் யாரிடம் போய் நிற்பது என்ற பயம். அதனால் அவள் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்து, அழகாக லேமினேட்டும் செய்து, அதைக் கையில் கொடுத்து அப்பாவோடு அனுப்பியிருந்தேன். எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கணவரிடமிருந்து அழைப்பு. "ஒரிஜினல் கேக்குறான். ஒம்போதுக்கு கேட்டை மூடிடுவானாம். இவ அழுதுகினு கீறா." அட்டையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். முதல் மழை, அடைமழை. ஆட்டோ ஒன்றுகூட இல்லை. பால் வாங்கிக்கொண்டு குடையோடு வந்த மேடம் விஷயத்தைக் கேட்டார். "மழைல நான் இதை வெளிய எடுக்கறதே இல்ல," என்றார். அடுத்த மூச்சிலேயே, "பரவால்ல, ஏறு."

நாற்பதுக்கு மேல் அவர் போகவில்லை. முள் அங்கேயே நின்றது. என் மணிக்கட்டில் இருந்த முள் மட்டும் ஓடியது.

"கொஞ்சம் சீக்கிரம் மேடம்."

"முன்சக்கரம் இழுக்கிற வண்டி இல்லம்மா இது. பின்சக்கரம் நின்னு தள்ளுது. ஈரத்துல அழுத்தினா பின்பக்கம் தனியா கெளம்பிடும். கம்முனு இரு, கொண்டுபோய் சேக்கிறேன்."

திருக்கழுக்குன்றம் தாண்டியபோது எட்டு இருபது. பால் வேன் ஒன்று எங்களை முந்தியது. பின்னாலேயே கீரைக்கட்டு கட்டிய மொபெட் ஒன்று. அதை ஓட்டியவர் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்திருந்தார். போகிற போக்கில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குள் எதையோ கிழித்தது. பால்கனியில் கேட்டுக்கேட்டு ஊறிய சொற்கள் என் வாயில் தயாராக இருந்தன.

"ஊரே பாக்கணும்னுதானே மேடம் இதை வாங்கினீங்க? ஒரு அவசரம்னா மாட்டுவண்டி மாதிரி ஓட்டுறீங்க. உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. வலது கால் இறங்கியது. நேர்சாலையில் மொபெட்டும் பால் வேனும் பின்னால் போயின. எனக்கு வெட்கமே இல்லாமல் ஒரு நிம்மதி வந்தது. அடுத்து ஏரிக்கரைத் திருப்பம். தார்மேல் புளிய இலைகள் பசைபோல் ஒட்டிக் கிடந்தன. பின்பக்கம் விலகியபோது அவர் பிரேக்கைத் தொடவில்லை. வால் போன பக்கமே ஸ்டீயரிங்கை ஒடித்து, காலை மெல்ல எடுத்தார். ஒரு மூச்சு நேரம் வண்டி நேரானது. பிழைத்தோம் என்று நினைத்தேன். உடனே வால் எதிர்ப்பக்கம் வீசியது, முன்னைவிட வேகமாக. ஒன்றரைச் சுற்று. நின்றபோது வண்டியின் முகம் வந்த வழியைப் பார்த்திருந்தது, பின்சக்கரங்கள் சாலையோரச் சேற்றில். எதிரே வந்த பேருந்து ஓர் ஆள் தூரத்தில் நின்றிருந்தது.

பேருந்திலிருந்து பத்துப் பேர் இறங்கினார்கள். "இன்னாக்கா, வண்டி வூட்டுக்கே திரும்பிக்கினு போவுது?" என்றார் ஒருவர். "மிதிக்காதக்கா, மிதிச்சா தோண்டிக்கினு உள்ளதான் போவும். வைக்கோல் எடுத்தாங்கடா" என்றார் இன்னொருவர். சக்கரத்தடியில் வைக்கோலையும் கோணிப்பையையும் திணித்தார்கள், தள்ளினார்கள், வழுக்கி விழுந்தார்கள், சிரித்தார்கள். மேடமும் முழங்கால்வரை சேற்றில் நின்று தள்ளினார். நான் ஆதார் அட்டையை மார்போடு பிடித்தபடி நிமிடங்களை எண்ணினேன். பதினெட்டு.

தேர்வு மையத்தை அடைந்தபோது ஒன்பது ஏழு. கேட் மூடியிருந்தது. என் கணவர் காவலரிடம் கெஞ்சிக் களைத்துப் போயிருந்தார். மகள் மதிலோரம் நின்றிருந்தாள், அழுகை முடிந்த முகத்தோடு. எனக்கு முன்னால் மேடம் இறங்கிப் போனார்.

"பாப்பா, தப்பு என்னுது. கொழுப்பெடுத்து மிதிச்சிட்டேன். உங்கம்மா மெதுவா போங்கன்னுதான் சொல்லிச்சு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் பேசுவதற்கு அவர் விட்ட இடம் அது என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை என்றும் சொல்ல முடியாது. மகளின் தலையைத் துவட்டுவதில் மும்முரமானேன்.

அவளுக்கு ஒரு வருடம் போயிற்று. அந்த வருடம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். பால்கனிகளுக்கோ கொண்டாட்டம். "அப்பவே சொன்னோமே!" நான் மறுக்கவில்லை. ஒருமுறை தலையைக்கூட ஆட்டியிருக்கிறேன். இரண்டே மாதத்தில் மேடம் காரை விற்றுவிட்டு, எல்லோரையும்போல அலுவலகப் பேருந்தில் வரத் தொடங்கினார். ஒரு நாள் அவர் மேசைக்குப் போய், "மேடம், அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். "அந்த மார்ச் கோப்பு எங்க?" என்றார்.

மகள் அடுத்த வருடம் தேறினாள், படித்தாள், இப்போது வேலைக்குப் போகிறாள். கதை மட்டும் அவளிடம் வளர்ந்துகொண்டே வந்தது. யார் வீட்டுக்கு வந்தாலும் நடித்துக் காட்டுவாள். ஆன்ட்டி கண்ணாடியைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டு மிதிப்பதாக, அம்மா "மெதுவா, மெதுவா" என்று அலறுவதாக. எல்லோரும் சிரிப்பார்கள். நானும்.

போன வாரம் மேடம் பணி ஓய்வு பெற்றார். வீட்டைக் காலி செய்யும் நாளன்று காலையில் தோசைத் தட்டோடு மகள் சொன்னாள்: "பெருமைக்கு மிதிக்கிற ஆன்ட்டி கெளம்புறாங்களா? இனிமே நம்ம ரோடு பொழைச்சிக்கும்." வெளியே தூறல். சிரிக்க வாய் திறந்தேன், வரவில்லை. சொல்லிவிட்டேன். மாட்டுவண்டி, மொபெட்டுக்காரர் சிரிப்பு, 'உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்', ஒன்று விடாமல்.

அவள் தோசையைப் பிய்த்த கையை அப்படியே வைத்திருந்தாள். வீணாய்ப் போன அந்த ஒரு வருடத்தைப் பற்றிக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நான் அவங்கள மாதிரி நடிச்சிக் காட்டும்போதெல்லாம் நீ சிரிச்சிகினு இருந்தியேம்மா."

கையைக் கழுவிக்கொண்டு செருப்பைப் போட்டாள். குடையோடு நானும் எழுந்தேன். "நீ வராத" என்றாள்.

வந்தேன், தெருமுனைவரை. மேடம் வீட்டு வாசலில் லாரியில் கட்டில் ஏறிக்கொண்டிருந்தது. நனைந்தபடி நின்று அவள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. மேடம் முதலில் கையை வீசி மறுத்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். இருவரும் உள்ளே போனார்கள். அந்த வாசலுக்கும் எனக்கும் நாற்பதடி தூரம் இருக்கும். லாரி கிளம்பும்வரை நான் அங்கேயே நின்றேன்.