ஏழாயிரம்பண்ணையில் பதினொரு வகைப் பூவண்டுகள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பழைய வெள்ளைக் குடையைத் துடைத்தேன். பூத்த கிளைக்கடியில் தலைகீழாகப் பிடித்துக் கிளையை உலுக்கினால் வண்டுகள் உள்ளே விழும், பார்த்துவிட்டுப் பறக்கவிடலாம். ஏழாயிரம்பண்ணையில் அப்பா விட்டுப்போன தரிசுக்கு இந்த ஆண்டில் இது மூன்றாவது பயணம். நிலம் எனக்கும் தம்பி செல்வத்துக்கும் பொது. பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி விலைக்குக் கேட்கிறது. என் கையெழுத்துதான் பாக்கி.

சாத்தூரில் 7.10 மணிக்குப் பேருந்து, கட்டணம் ஆறு ரூபாய். நடத்துநர் குடையைப் பார்த்தார்.

"பொட்டு மேகமில்ல, குடை எதுக்குக்கா?"

"பூவண்டு பிடிக்க."

"பூச்சட்டி மத்தாப்புன்னா சீப்பா வாங்கித் தரலாம். வண்டுக்கு நான் எங்கன போவேன்!"

பேருந்தே சிரித்தது, நானும்தான்.

திருத்தங்கலில் அச்சகம் நடத்தும் செல்வம், நிறுத்தத்தில் பைக்கோடு காத்திருந்தான். பங்குனியில் வந்தபோது வேப்பம்பூவில் மூன்று வகை வண்டுகள். ஆடிக் காற்றில் ஒன்றுமில்லை. இப்போது ஐப்பசி மழைக்குப் பின் ஆவாரையும் குடைவேலும் பூத்துக் கிடந்தன. பதினொரு வகை! கறுப்பில் ஆரஞ்சுப் பட்டை போட்டது, செங்கல் நிறத்தில் வெள்ளைப் புள்ளி வைத்தது, கடுகளவில் பச்சையாய் மின்னியது. எங்கள் பக்கத்தைக் கந்தக பூமி என்பவர்களை எல்லாம் அந்தக் குடைக்குள் எட்டிப்பார்க்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"ஏலே, வித்தா இங்கன ஷெட்டு போடுவாகளா?"

"இல்லக்கா. ஷெட்டைச் சுத்திக் காலியிடம் விடணும்ல, அதுக்குத்தான். சும்மா கெடக்குற எடம் சும்மாவே கெடக்கப்போகுது."

"இதுவா சும்மா கெடக்கு?"

"பின்ன? வண்டு வாடகையா குடுக்கு?"

வேலிக்கு அப்பால் கம்பெனியின் காலியிடம் தெரிந்தது. தீப்பிடிக்கக் கூடாதென்று புல், செடி எல்லாவற்றையும் வேரோடு செதுக்கியிருந்தார்கள். உள்ளே ஆட்கள் வேலை செய்கிறார்கள், அது அவசியம்தான். ஆனால் அந்தத் தரையில் ஒரு பூ இல்லை.

போக விரும்புபவர்கள் மழைக்குப் பின், காலை பத்து மணிக்குள் போங்கள். வெயில் ஏறினால் வண்டுகள் பறந்துவிடும். ஆரஞ்சுப் பட்டை வண்டைத் தொட வேண்டாம், கொப்புளம் வரும். முள் தைக்காத செருப்பு அவசியம். நிலத்துக்குள் போக என்னிடம் கேளுங்கள். வரும் ஆண்டுகளிலும் என்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். மதுரையில் வீடு வாங்கச் சேர்த்த பணத்தில் செல்வத்தின் பங்கையும் நானே வாங்கிக்கொள்ளப் போகிறேன். அவனுக்கோ வீட்டிலோ இன்னும் தெரியாது.