முன் பிரேக் எதற்கு இருக்கிறது?

சென்ற சனிக்கிழமை காலை எட்டரை மணி. புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடம். பதினெட்டு ஆண்கள், பதினெட்டு மோட்டார் சைக்கிள்கள். பாதிப் பேர் காற்றுக்கு மறைப்பாக, நம் ஊர் வழக்கப்படி, ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு ஸ்கூட்டர். அதன்மேல், முழங்காலில் புதுத் தழும்போடு, நான்.

எனக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா?

இரண்டு மாதங்களுக்கு முன் குருபோங் சந்திப்பில் விழுந்தேன். முன்னால் போன லோரி சட்டென்று நின்றது. பிரேக்கை அழுத்தினேன். பின் சக்கரம் வழுக்கியது. ஸ்கூட்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்காலில் ஆறு தையல். என் தலைக்கும் லோரியின் டயருக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது என்று தூக்கிவிட்டவர் சொன்னார்.

"போதும்லா. அம்பத்திரண்டு வயசுல எதுக்கு ஸ்கூட்டரு? பாச்சாங்ல என் தங்கச்சி கேட்டுக்கிட்டே இருக்கா, குடுத்துருவோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் வெளியே போகணும்னா?"

"நான் கொண்டு விடுறேன்."

நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் அவருக்கு ஷிஃப்ட் வேலை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. காலையில் பாசாரில் காய்கறி, பத்து மணிக்கு ஒரு பேட்டி, மதியம் நூலகம் என்று நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போய் வருகிறவள் நான். இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான் எழுதி நீங்கள் படிப்பதில் பாதி, அந்த ஸ்கூட்டர் கொண்டுவந்து சேர்த்தது. இனிமேல் கைப்பையோடு கேட்டருகே நின்று, 'கொஞ்சம் கொண்டு விடுறீங்களா?' என்று கேட்க வேண்டுமா?

முடியாது என்றேன். சரி, அவருடைய தொழிற்சாலையில் மோட்டார் ஓட்டிகளுக்கு ஒருநாள் பாதுகாப்புப் பயிற்சி நடக்கிறது, குடும்பத்தாரும் சேரலாம், அதில் பாஸ் பண்ணிக் காட்டு என்றார். தவறினால் ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டர் பாச்சாங்குக்குப் போய்விடும். நான் பின்வாங்குவேன் என்று நினைத்திருப்பார். அன்றைக்கே பெயரைக் கொடுத்தேன்.

ஊழியர்களுக்குப் பயிற்சி கட்டாயம். ஆகவே அவரும் தம் பழைய மோட்டாரோடு அதே வரிசையில் நின்றார்.

"அண்ணே, அண்ணிக்குக் கிளட்ச் இல்ல, கியர் இல்ல. முறுக்குனா போகும். இதுக்கு என்ன கோர்ஸ்?" என்று அவரைச் சீண்டினார் உடன் வேலை செய்யும் முருகேசன். சிரிப்பு. என் வீட்டுக்காரரும் சிரித்தார். குறித்துக்கொண்டேன்.

முதலில் வண்டிகளைச் சோதித்தார்கள். பயிற்சியாளர் சுகுமாரனுக்கு நாற்பது வயது இருக்கும். என் ஸ்கூட்டரின் முன் சக்கரத்தருகே குந்தி, டார்ச் அடித்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"அக்கா, வண்டி வாங்கி எத்தனை வருஷமாச்சு?"

"ஒன்பது. இது ரெண்டாவது ஸ்கூட்டர்."

"முன் பிரேக் கட்டை தேயாம புதுசா இருக்கு. இது பிரேக்கா, நகையா? இவ்வளவு பத்திரமா வெச்சிருக்கீங்க!"

உண்மைதான். ஸ்கூட்டரில் இடது கை பின் பிரேக், வலது கை முன் பிரேக். வலதை நான் தொட்டதே இல்லை. பிடித்தால் குப்புற விழுந்துவிடுவோம் என்பது நம்மவர்களின் உறுதியான நம்பிக்கை... உங்களில் எத்தனை பேர் இப்போது தலையாட்டுகிறீர்கள்?

"அக்கா, யாரு உங்களுக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தா?"

திரும்பிப் பார்த்தேன். பதினேழு பேரும் நான் பார்த்த திசையில் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் ஹெல்மெட் வாரைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார்.

மதியம் பரீட்சை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, விசில் ஊதியதும் பிரேக் பிடித்து, மஞ்சள் கோட்டுக்குள் நிற்க வேண்டும். சறுக்கக் கூடாது. வண்டி நிற்குமுன் காலை ஊன்றக் கூடாது. மூன்று வாய்ப்புகள்.

முதல் தடவை, பழக்கம் விடவில்லை. இடது கை மட்டும் அழுத்தியது. பின் சக்கரம் அலறியபடி சறுக்கிக் கோட்டைத் தாண்டியது. குருபோங்கில் கேட்ட அதே சத்தம்.

இரண்டாவது தடவை, வலது கையால் வெடுக்கென்று இழுத்தேன். வண்டி மூக்கைத் தாழ்த்தி ஆடியது. பயத்தில் காலை ஊன்றிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் மோசம்.

சுகுமாரன் பக்கத்தில் வந்தார். "வெடுக்குனு இழுக்காதீங்கக்கா, பிழியுங்க. தேங்காய்ப்பால் பிழியறீங்கல்ல? எடுத்த எடுப்புல முழு பலமும் குடுப்பீங்களா? மெதுவா ஆரம்பிச்சு, இறுக்கிக்கிட்டே போங்க. ரெண்டு கையும் சேர்ந்து. கண்ணு கோட்டுல இருக்கக் கூடாது, நேரா தூரத்துல இருக்கணும்."

இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? முப்பது வருஷமாகப் பிழிகிறேனே!

மூன்றாவது தடவை. விசில். இரண்டு கைகளும் பிழிந்தன. வண்டி தரையோடு ஒட்டியது போல் அமுங்கி, சத்தமே இல்லாமல் நின்றது. அதன்பிறகே காலை ஊன்றினேன். குனிந்து பார்த்தேன். மஞ்சள் கோடு இன்னும் இரண்டு மீட்டர் முன்னால் கிடந்தது.

"அண்ணி!" என்று கத்தியது வேறு யாருமில்லை, முருகேசன்தான்.

அடுத்து என் வீட்டுக்காரர். வலது காலால் பின் பிரேக்கை மிதித்தார். சறுக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவதற்கு முன் என்னிடம் மெல்ல வந்தார்.

"எப்படிப் புடிச்சே?"

சொன்னேன். பொறுமையாக, ஒரு சொல் விடாமல். அவர் போனார், பிழிந்தார், கோட்டுக்குள் நின்றார்.

"இனிமே வீட்டுல தேங்காய்ப்பால் பிழியற வேலை அண்ணனுக்குத்தான்!" என்றார் முருகேசன். இந்த முறை சிரிப்பைத் தொடங்கி வைத்தவள் நான்.

வீடு திரும்பியதும் என் வீட்டுக்காரர் போனை எடுத்துத் தங்கையை அழைத்தார். "நாளைக்கு வர வேணாம்மா. இல்ல, ஸ்கூட்டர் நல்லாத்தான் இருக்கு... அவ ஓட்டுறா லா. என்னைவிட நல்லா ஓட்டுறா."

அடுத்த அறையில் இருந்த என் காதில் விழுந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

இருபத்திரண்டு வருஷமாக எனக்கு ஓட்டத் தெரியும். நிறுத்தத் தெரிந்தது சென்ற சனிக்கிழமைதான்.