வாங்க ஆனந்த் ப்ரோ

பாகலூர் பக்கத்து ரோஜாப் பண்ணையில், தண்டின் நீளம் பார்த்துப் பூப் பிரிக்கும் கொட்டகையில், என் பக்கத்து மேசை நாராயணம்மா அக்காவுடையது. சாப்பாட்டு மணி அடித்ததும் எங்கள் கை டப்பாவைத் தேடும், அக்காவின் கை போனைத் தேடும். எங்களுக்குக் கிண்டலுக்குக் கேட்கவா வேண்டும்!

போனில் ஒரு லைவ் சாட் ஆப். கட்டம் கட்டமாகப் பெண்களின் முகங்கள். கூலிங்கிளாஸ் ஒருத்தி, புல்லட் மேல் ஒருத்தி, கன்னத்தில் நாய்க்குட்டி மூக்கு ஒட்டிக்கொண்டு ஒருத்தி. ராயக்கோட்டை மண்டியில் தக்காளி பொறுக்குவதுபோல அக்கா ஒவ்வொன்றாகத் தள்ளுவார்.

"இது பாட்டுப் போட்டே பேச்ச மூடிடும். இது கிஃப்ட் குடுத்தாத்தான் திரும்பிப் பாக்கும்."

"அப்பறம் யாருதான்க்கா வேணும் உங்களுக்கு?"

"வர்றவங்கள பேர் சொல்லிக் கூப்புடற பொண்ணு."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா மகனுக்கு அம்மா, மருமகளுக்கு அத்தை, எங்களுக்கு அக்கா, சூப்பர்வைசருக்கு 'ஏம்மா'. தெருமுனையிலிருந்தே 'நாராயணம்மா' என்று ஊருக்கே கேட்கக் கூப்பிட்டவர் கணவர் திம்மப்பன் ஒருவர்தான். போன வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார். அந்தப் பேருக்கு அப்புறம் வேலையே இல்லை. ஆசை யாரை விட்டது?

கடைசியில் சுசித்ராவைத் தேர்ந்தெடுத்தார். ஆனேக்கல் பெண், கன்னடம் கலந்த தமிழ். உள்ளே வருகிற ஒவ்வொருவர் பேரையும் முழுங்காமல் படித்து வரவேற்பாள். அக்கா ஆசையாக உள்ளே போனார்.

"வாங்க ஆனந்த் ப்ரோ! சாப்ட்டாச்சா ப்ரோ?"

மகன் ஆனந்த் கழித்துக் கொடுத்த போன். ஆப்பிலும் அவன் பேர்தான். கொட்டகையே சிரித்தது. அக்காவும் சிரித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரூபா, அந்தப் பேர மாத்திக் குடு கண்ணு. பையன்கிட்ட கேக்க வெக்கமா இருக்குது."

மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் மதியம் அக்கா முகம் கழுவி, தலையைக் கோதிக்கொண்டு உள்ளே போனார்.

"நாராயணம்மாவா? யாருப்பா அது, பாட்டி பேர்ல ஃபேக் ஐடி? பசங்களா, அடங்க மாட்டீங்களா?"

திரை முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள். எனக்கு வந்த கோபத்தில் போனை அணைக்கப் போனேன். அக்கா என் கையைத் தள்ளிவிட்டு மைக்கை அழுத்தினார்.

"ஃபேக் இல்ல கண்ணு. நாந்தான். ஓசூரு."

சுசித்ரா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, சாரிம்மா. சொல்லுங்கம்மா."

"அம்மா வேணாம். பேர் சொல்லிக் கூப்புடு."

"நீங்க பெரியவங்க. எப்படிம்மா?"

"பரவால்ல, கூப்புடு கண்ணு. ஒருத்தரும் கூப்புடறதில்ல."

அவள் தயங்கினாள். பிறகு வாய் நிறையக் கூப்பிட்டாள்: "நாராயணம்மா!"

"இதோ வந்துட்டேங்க," என்றார் அக்கா.