ஆசாரி வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளித் தொட்டில்

கிறிஸ்து பிறந்தது ஆசாரி வீட்டில் என்று தேவகோட்டைப் பள்ளிக்கூடத்து சிஸ்டர் சொன்னதை வீட்டில் வந்து ஒப்பித்தேன். நாங்களும் ஆசாரிகள். அம்மா வேறெதுவும் கேட்காமல் அந்தப் பிள்ளையைச் சொந்தத்தில் சேர்த்துக்கொண்டாள்.

சிஸ்டர் கட்டிய கிறிஸ்துமஸ் பாட்டும் அதற்குத் தோதாக இருந்தது. "உளியை வையப்பா, உறங்குது பாப்பா" என்று துள்ளலாகத் தொடங்கும். முன்னால் நின்று பாடுகிறவள் நான். மற்ற பிள்ளைகள் மரக்கட்டைகளைத் தட்டுவார்கள்.

அந்த வருஷம் காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்து சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டைக் கேட்டு மயங்கி, படத்தில் வைக்கிறோம், பிள்ளைகளை அனுப்புங்கள் என்று சிஸ்டரிடம் கேட்டார்கள். என் முகம் திரையில் வரப்போகிறது என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நானும் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

டைரக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாடும் தேவதைகளாக நிற்க மெட்ராஸிலிருந்தே சிவத்த பிள்ளைகளைக் கூட்டிவந்திருந்தார். எனக்குப் பஞ்சு ஒட்டிய சாக்கைப் போர்த்தி, ஆடாக்கி, நாலு காலில் நிறுத்தினார்கள். மிச்சப் பஞ்சைப் பனி என்று தூவினார்கள். காரைக்குடிப் பனியில் எனக்கு வேர்த்து ஊற்றியது. பாட்டில் உளி போய் வெள்ளித் தொட்டில் வந்திருந்தது. ஏழை வீடு திரையில் எடுபடாதாம். என் குரலும் வேண்டாமாம். குழந்தைக் குரலில் பாட மெட்ராஸில் ஒரு மாமி இருந்தாராம்.

ஆடான கதையைப் பற்றி நான் வீட்டில் மூச்சு விடவில்லை. படம் வந்ததும் தெருவே பஸ் ஏறிப் பார்க்கப் போனது. பாட்டு வந்தது. அம்மா தேவதைகளுக்குள் என்னைத் தேடினாள். கடைசியில் நிற்கிற ஆடு நான்தான் என்று அவள் காதில் சொன்னேன்.

அம்மா கொட்டகைக்கே கேட்கும்படி சொன்னாள்: "ஆசாரி வீட்டுப் பிள்ளைய அரமனைக்குத் தூக்கிட்டுப் போயிட்டாக. ஆசாரி மகள ஆடாக்கிட்டாக."

பெஞ்சு டிக்கெட் மொத்தமும் சிரித்தது. நான் அம்மா முந்தானைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு சிஸ்டரும் ஜிகினாத் தாள் ஒட்டி வெள்ளித் தொட்டில் செய்தார். இனிமேல் சினிமாவில் வந்த மாதிரியே பாட வேண்டுமாம். முன்னால் நிற்க, டாக்டரின் சிவத்த மகள். என்னிடம், "படத்துல நல்லாத்தானே ஆடா நின்னே, அப்படியே நில்லு" என்றார்.

நின்றேன். பாட்டு தொடங்கியதும் சாக்கை உதறிவிட்டு எழுந்து, "உளியை வையப்பா" என்று தொண்டை கிழியப் பாடினேன். கட்டை வைத்திருந்த பிள்ளைகள் பழக்கதோஷத்தில் என் பாட்டுக்கே தட்டினார்கள்.